விகிதத்துக்குக் காரணம் தரப்படவில்லை

அவள் கேட்ட கேள்விகளை என் கணிதக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எண் போட்டு எழுதி வைத்திருந்தேன். முதலில் சிரிப்பதற்காகத்தான் எழுதினேன். இடைவேளையில் தோழிகளுக்கு வாசித்துக் காட்டுவேன். மொத்தம் பதினொரு கேள்விகள். பத்தாவதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோராவதை எழுதியபோது அவள் பள்ளிக்கூடத்திலேயே இல்லை.

கேள்விகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் கேட்கப்பட்டவை. ஆனால் உள்ளே இருந்தது ஒன்றுதான். இந்த விகிதத்தை யார் போட்டது, எதை வைத்துப் போட்டது?

அவளுடைய பெயரை எழுதவில்லை. கேட்டுவிட்டு எழுத வேண்டும். கேட்பதற்கு அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. வகுப்பில் எல்லோரும் ‘இந்தியா அக்கா’ என்றுதான் கூப்பிட்டோம். அதில் மரியாதை கொஞ்சம், கேலி நிறைய. குழந்தையாகப் படகில் போய், இராமநாதபுரம் பக்கத்து அகதி முகாமில் வளர்ந்து, யுத்தம் முடிந்த பிறகு குடும்பத்தோடு திரும்பியவள். அங்கே படித்ததற்கு இங்கே காகிதம் போதாது என்று சொல்லி, எங்களோடு சாதாரண தரப் பரீட்சைக்கு உட்கார வைத்தார்கள். எங்களைவிட மூன்று வயது மூத்தவள். வெள்ளைச் சீருடை அவளுக்குத் தோளில் இறுகும். அட்சரகணிதம் என்று நாங்கள் சொல்வதை அவள் இயற்கணிதம் என்பாள். இரண்டிலும் x ஒன்றுதான் என்பதால் அவளுக்குச் சிரமம் இருக்கவில்லை.

முதல் கேள்வி மாம்பழக் கணக்கில் வந்தது. ஒரு தாய் நாற்பது மாம்பழங்களை மகனுக்கும் மகளுக்கும் 5:3 என்ற விகிதத்தில் பகிர்ந்தால் மகளுக்குக் கிடைப்பது எத்தனை. நான் அரை நிமிடத்தில் முடித்துக் கையைத் தூக்கினேன். பின்வரிசை வாங்கில் இருந்து அவள் எழும்பி நின்றாள்.

“சார், பையனுக்கு ஏன் அஞ்சு, பொண்ணுக்கு ஏன் மூணு?”

“அது கணக்கில தரேல்லை, பிள்ளை. தந்ததை வைச்சுச் செய்.”

“தராததைத்தானே சார் எக்ஸ்னு எடுப்போம்?”

“எக்ஸ் எண்டது மாம்பழம். தாயின்ர மனசில்லை. இரும்.”

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். பிறகு உட்கார்ந்து முறையாகச் செய்தாள். 5x + 3x = 40. x = 5. மகளுக்குப் பதினைந்து. விடைக்குக் கீழே இரண்டு கோடு போட்டு, அதற்கும் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி எழுதியிருந்தாள்: ‘விகிதத்துக்குக் காரணம் தரப்படவில்லை.’ ஆசிரியர் அந்த வரியைச் சிவப்பால் வெட்டினார். அடுத்த கணக்கிலும் எழுதினாள். அதையும் வெட்டினார். தவணை முடியும்வரை இது நடந்தது. இருவருக்கும் கோபம் வந்ததாக எனக்கு ஞாபகமில்லை. கோபம் எனக்கு இப்போதுதான் வருகிறது. அதற்குக் காரணம் தருகிறேன்.

ஆனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவள் வீம்புக்குக் கேட்பவள் என்று ஊரில் பலர் சொன்னார்கள். அது பொய். காரணம் கிடைத்துவிட்டால் அவளைப்போல அந்த விகிதத்துக்குக் கட்டுப்பட்டவர் யாரும் இல்லை.

எங்கள் ஊர் அரிப்பு என்ற கரையோர ஊருக்கு வடக்கே, கடலில் இருந்து கொஞ்சம் உள்ளே. மீள்குடியேற்ற வீட்டுத் திட்டத்தில் எங்கள் வீட்டையும் அவர்கள் வீட்டையும் ஒரே மேசன்தான் கட்டினார். அச்சில் சீமெந்துக் கல் அரிவதற்கு, தாச்சி என்ற இரும்புச் சட்டியால் ஒரு தாச்சி சீமெந்துக்கு ஆறு தாச்சி மண். இந்த ஆறை யார் போட்டது என்று அவள் மேசனிடம் கேட்டாள். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “அஞ்செண்டால் சீமெந்துக்கு நட்டம். ஏழெண்டால் கல்லு உதிரும். முப்பது வருசம் பார்த்துச் சொல்லுறன்” என்றார். அவ்வளவுதான். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அதன் பிறகு மேசனுக்குத்தான் போதாத காலம். சீமெந்தை மட்டமாக அள்ளும் கூலியாட்கள் மண்ணைக் குவித்து அள்ளினார்கள். அவள் ஒரு தடியை எடுத்துவந்து ஒவ்வொரு தாச்சியாக விளிம்போடு சீவினாள்.

“பிள்ளை, மண்ணைச் சீவாதை. அது உன்ர தலைமயிரில்லை” என்றார் மேசன்.

“குவிச்சா ஆறு இல்லையே அண்ணே. நாலு குவியல் அஞ்சு மட்டம் வருது, அளந்து பார்த்துட்டேன். அப்ப ஆறு குவியல் எவ்வளவு?”

அவள் மண்ணிலேயே தடியால் எழுதிக் காட்டினாள்.

“ஏழரை. ஒரு தாச்சிக்கு ஏழரை.”

“ஏழரையோ. அப்ப எனக்குச் சனி பிடிச்சிட்டுது எண்டு சொல்லு” என்று அவர் எழும்பிப் போய்த் தேத்தண்ணீர் குடித்தார். திரும்பி வந்தபோது ஆட்கள் சீவித்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் சீவுவதற்கு ஆள் இல்லை. இரண்டு வீடுகளிலும் எங்கள் வீட்டுச் சுவர்தான் இன்று உதிர்கிறது. நான் இப்போது தொழில்நுட்ப உத்தியோகத்தர். வேலைத்தளத்துக்குப் போனால் முதலில் என் கண் போவது தாச்சியின் விளிம்புக்கு.

அவளுடைய அண்ணன் வேறொருவரின் வள்ளத்தில் கடலுக்குப் போனான். பிடிபடும் மீனில் வள்ளத்துக்கும் எஞ்சினுக்கும் சேர்த்துப் பாதி, மிச்சப் பாதி மூன்று ஆட்களுக்கு. கரையில் மீன் நிறுக்கும் வாடியடியில் நின்று வள்ளக்காரரிடம், எஞ்சின் மீன் தின்னுமா என்று கேட்டாள். “தின்னாது பிள்ளை, குடிக்கும். இவங்கள் மூண்டு பேரையும் விடக் கூடக் குடிக்கும்” என்றார் அவர். கரையே சிரித்தது. எண்ணெய்ச் செலவு எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்று விசாரித்து, பாதி நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டு வந்தாள். ஒரு வாரம் கழித்து எஞ்சின் பழுதாகி, கரையோரமாகத் துடுப்பு வலித்துப் போய் மீன் பிடித்தார்கள். அன்று மறுபடியும் வாடியடிக்குப் போனாள். “இன்னைக்கு எஞ்சின் எதுவும் குடிக்கலையே” என்றாள். வள்ளக்காரர் இரண்டு பாரை மீனைத் தூக்கி அவளுடைய சைக்கிள் கூடையில் போட்டார். “உன்னைக் கட்டுறவன் பாவம்” என்றார்.

இப்படிச் சிரித்து முடிந்த கேள்விகள் ஒன்பது. பத்தாவது தண்ணீர்.

எங்கள் பக்கத்துக் கிணறுகள் உவர். குடிக்கவும் சமைக்கவும் ஒன்றுவிட்ட ஒருநாள் பவுசர் வண்டியில் தண்ணீர் வரும். ஐயாயிரம் லீட்டர். ஊரில் இரண்டு தண்ணீர்த் தாங்கிகள் இருந்தன. ஒன்று எங்கள் பக்கம். நாங்கள் உள்ளுக்குள்ளேயே இடம்பெயர்ந்து, வவுனியாப் பக்கத்து முகாமில் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள். மற்றது அவர்கள் பக்கம். கடல் கடந்து போய்த் திரும்பியவர்கள். தண்ணீர்க் குழுவின் தலைவர் எங்கள் பெரியப்பா. குடும்ப அட்டைப்படி பிரிக்கச் சொன்னார். பிரித்துக் கொடுத்தவள் நான்.

எங்கள் பக்கம் முப்பத்தாறு அட்டை, அவர்கள் பக்கம் இருபத்துநான்கு. 36:24, சுருக்கினால் 3:2. ஐந்து பங்கு ஐயாயிரம், ஒரு பங்கு ஆயிரம். எங்களுக்கு மூவாயிரம், அவர்களுக்கு இரண்டாயிரம். அழகான எழுத்தில் எழுதி, அடிக்கோடு போட்டுக் கொடுத்தேன். குழு அதைத் தேவாலயச் சுவரில் ஒட்டியது. அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து பெருமையாகச் சொன்னார்.

அந்த அட்டைகளுக்கு ஒரு கதை இருந்தது. வவுனியா முகாமில் தறப்பாள், வாளி, சமையல் சாமான் எல்லாம் அட்டைக்கு ஒன்று. ஆகவே அங்கே எல்லோரும் அட்டையைப் பிரித்தார்கள். எங்கள் வீட்டில் அண்ணா கலியாணம் செய்த அடுத்த வாரமே அவருக்குத் தனி அட்டை. ஆனால் எல்லோரும் ஒரே பானையில்தான் சாப்பிட்டோம். கடல் கடந்து போனவர்களுக்கு அங்கே பதிவை மாற்றுவது பெரிய அலைச்சல். கலியாணம் செய்த பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தகப்பனின் அட்டையிலேயே இருந்துவிட்டார்கள். அப்படியே திரும்பி வந்தார்கள். வாளி வாங்குவதற்காகப் பிரித்த அட்டையை வைத்து நாங்கள் தண்ணீரைப் பிரித்துக்கொண்டிருந்தோம்.

இது அன்று எனக்குத் தெரியாதா? தெரியும். எங்கள் வீட்டிலேயே இரண்டு அட்டை இருந்தது. கணக்கில் தரப்படவில்லை என்பதால் எடுக்கவில்லை.

அவர்கள் தாங்கி மறுநாள் விடியுமுன்பே வற்றிவிடும். அந்தக் காலைகளில் அவள் சைக்கிளில் இரண்டு தண்ணீர்க் கான்களைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊர்க் கோயில் கிணற்றுக்குப் போவாள். மாலையில் அந்தக் கிணற்றில் ஊற்று இராது, காலையில்தான் ஊறியிருக்கும். அங்கும் வரிசை. அண்ணன் கடலில். அக்கா வயிற்றில் பிள்ளையோடு. தாய்க்கு முழங்கால் மடங்காது. அவள் வகுப்புக்கு வந்து சேர முதல் பாடம் முடிந்திருக்கும். எங்களுக்கு முதல் பாடம் கணிதம்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டட வரைஞர் கற்கைக்குப் போக வேண்டும். அதற்குக் கணிதத்தில் குறைந்தது ‘சி’ வேண்டும். இந்த முறை எடுக்காவிட்டால் வீட்டில் மறுமுறைக்கு விடமாட்டார்கள் என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை அவள் ஊரை எண்ணத் தொடங்கினாள். கையில் கொப்பி. இரண்டு பக்கமும் வீடு வீடாகப் போனாள். அட்டையைப் பற்றிக் கேட்கவே இல்லை. எங்கள் படலையடிக்கு வந்து அம்மாவிடம் கேட்டாள். “உங்க உலையில எத்தனை பேருக்கு அரிசி போடுறீங்கம்மா?”

“ஆறு பேருக்கு” என்றார் அம்மா. சொன்ன பிறகுதான் ஏன் கேட்கிறாள் என்று யோசித்திருப்பார். அவள் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். அரிசியைப் பற்றி யாரும் பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கம் நூற்றிருபது பேர், அவர்கள் பக்கம் நூற்று முப்பது.

ஞாயிறு பூசை முடிந்த பிறகு எங்கள் தாங்கியடியில் குழுக் கூட்டம். பெரியப்பா கதிரையில் இருந்தார். அவள் முன்னால் வந்து நின்றாள்.

“கணக்குப் பார்த்துத்தான் பிரிச்சனாங்கள். எங்கட பிள்ளை வகுப்பில முதலாவது, தெரியும்தானே?” என்றார் பெரியப்பா.

“அவ கணக்கு சரிங்க. விகிதம்தான் தப்பு.”

“அதெப்பிடி? கோழி நல்லம், முட்டை கூழ் எண்ட மாதிரியெல்லோ கிடக்கு.”

“அட்டை தண்ணி குடிக்காதுங்க. ஆளுங்கதான் குடிக்கிறாங்க.”

பின்னால் யாரோ, “இந்தியாவில இருந்து வந்து எங்களுக்குத் தண்ணி குடிக்கப் பழக்கிறா” என்றார். கொஞ்சப் பேர் சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பையில் இருந்து வெண்கட்டியை எடுத்து, தாங்கியின் கறுப்புப் பக்கத்தில் பெரிதாக எழுதினாள்.

120x + 130x = 5000

எழுதிவிட்டு வெண்கட்டியை என் கையில் கொடுத்தாள். “ஒரு ஆளுக்கு எக்ஸ் லீட்டர். எக்ஸ் எவ்வளவுன்னு நீ சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க.”

அவள் சமன் குறி போடுவதற்கு முன்பே எனக்கு விடை வந்துவிட்டது. இருபது. எங்கள் பக்கம் அப்போது ஆளுக்கு இருபத்தைந்து எடுத்துக்கொண்டிருந்தோம். அவர்களுக்குப் பதினைந்து சொச்சம். பெரியப்பா என்னைப் பார்த்தார். அம்மா நிலத்தைப் பார்த்தார்.

“பிள்ளை, நீ போட்ட கணக்குப் பிழையோ?” என்றார் பெரியப்பா.

“இல்லைப் பெரியப்பா. குழு தந்த விகிதத்துக்கு அந்தக் கணக்குச் சரி” என்றேன்.

அது பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை பொறுக்க முடியாதது. பொய் சொல்லியிருந்தால் யாராவது பிடித்திருப்பார்கள்.

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். “சரி” என்று வெண்கட்டியைத் திருப்பி வாங்கிப் பைக்குள் வைத்தாள். அது பள்ளிக்கூடத்து வெண்கட்டி. திங்கட்கிழமை மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். தாங்கியில் இருந்த சமன்பாட்டை அன்று மாலையே யாரோ கழுவிவிட்டார்கள். தண்ணீரால்தான்.

கணிதப் பரீட்சை அன்று பவுசர் வராத நாள். எங்கள் தாங்கியில் அரைவாசி இருந்தது. அம்மா இரண்டு வாளி பிடித்து வைத்திருந்தார். நான் விடியவே தலை முழுகி, சாம்பிராணிப் புகை பிடித்து, தேவாலயத்தில் மெழுகுதிரி கொளுத்திவிட்டுப் போனேன். அவள் மண்டபத்துக்குள் வந்தபோது இருபத்தைந்து நிமிடம் போயிருந்தது. சீருடையின் கீழ்க்கரை நனைந்து சேறாக இருந்தது. இன்னும் ஐந்து நிமிடம் பிந்தியிருந்தால் உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். என்னைத் தாண்டித்தான் போனாள். என் கூந்தல் அப்போதும் ஈரம். அவள் அதைப் பார்த்தாளா என்று தெரியாது. பார்த்திருந்தால் எத்தனை லீட்டர் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

பெறுபேறு வந்தது. எனக்கு ‘ஏ’. அவளுக்கு ‘எஸ்’. வெறும் சித்தி, ‘சி’க்கு ஒரு படி கீழே. அவள் விரும்பிய கற்கைக்கு நான் போனேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இதை எழுத வைக்கிறது. பெறுபேறு வந்த அடுத்த மாதம் ஒரு நிவாரண நிறுவனத்தில் இருந்து பொறியியலாளர் ஒருவர் வந்தார். மடிக்கணினி, அச்சடித்த தாள். தண்ணீரை ஆளுக்கு இத்தனை என்றுதான் பிரிக்க வேண்டும், அட்டைக்கு அல்ல என்றார். ஊரில் எத்தனை பேர் என்று கேட்டார். குழுவிடம் இருந்தது ஒரே ஒரு பட்டியல். அவள் உலை உலையாகக் கேட்டு எழுதி, அன்று கூட்டத்தில் கொடுத்துவிட்டுப் போனது. பெரியப்பா என்னைக் கூப்பிட்டு அதை நல்ல தாளில் பிரதி எடுக்கச் சொன்னார். எடுத்தேன். கீழே ‘தயாரித்தவர்’ என்ற இடத்தில் அவரே என் பெயரை எழுதினார். நான் வெட்டவில்லை.

பொறியியலாளர் தாளைப் பார்த்து, கணினியில் தட்டி, “ஆளுக்கு இருபது லீட்டர் வருகுது” என்றார்.

“படிச்ச மனிசர் சொன்னால் சரியாத்தான் இருக்கும்” என்றார் பெரியப்பா. எல்லோரும் தலையாட்டினார்கள். தாங்கிகளில் புதிய அளவுக்கு வெள்ளைப் பெயின்ற்றால் கோடு போட்டார்கள். எங்களுடையதில் இரண்டாயிரத்து நானூறு, அவர்களுடையதில் இரண்டாயிரத்து அறுநூறு. எங்கள் தாங்கியில் கோடு போட்ட இடத்துக்குக் கொஞ்சம் கீழேதான் அவள் சமன்பாட்டை எழுதியிருந்தாள். அதை அன்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று எழுத விருப்பம்தான். உண்மையில் நல்ல செய்தி கொண்டுபோவதுபோலத்தான் போனேன். அவள் முற்றத்தில் கான்களைக் கவிழ்த்துக் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, உங்கட கணக்கை ஏற்றுக்கொண்டிட்டினம். ஆளுக்கு இருபது” என்றேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். சந்தோசப்படுவாள் என்று காத்து நின்றேன்.

“ஆளுங்க எண்ணிக்கை எப்ப எடுத்தது?” என்றாள். அதுதான் பதினோராவது கேள்வி.

“நீங்கள் எடுத்ததுதான் அக்கா. அதே பட்டியல்தான்.”

“அப்பத் தப்பு.”

வீட்டுக்குள்ளே பிள்ளை அழுதது. அவளுடைய அக்காவின் பிள்ளை. பரீட்சை முடிந்த வாரம் பிறந்தது.

“இப்ப நாங்க நூத்து முப்பத்தொண்ணு” என்றாள். “அம்மாக்காரி குடிக்கணும், துணி அலசணும். ஐயாயிரத்தை இருநூத்தைம்பத்தொண்ணால வகுத்துப் பாரு. இருபது வராது. போய்ச் சொல்லு. இந்தத் தடவை நீ சொல்லு.”

வீட்டுக்குப் போய் வகுத்துப் பார்த்தேன். வரவில்லை. கொப்பியையும் எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்கு நடந்தேன்.